ஃபிளாஷ் கார்டு போடுறவங்க வாங்க: எங்கே பிசகுது, எப்படிச் சரி பண்றது?

குரங்குச்சாவடி

இந்த இழைக்கு ஒரே ஒரு வேண்டுகோள். "நான் எப்படி பாஸ் பண்ணேன்" கதையெல்லாம் வேற இழைகள்ல நிறைய கிடக்கு. இங்கே ஃபிளாஷ் கார்டை (முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை எழுதின சின்ன அட்டை) எப்படி எழுதறது, எந்த கார்டு தேறாது, ஏன் தேறாதுன்னு மட்டும் சொல்லுங்க. இந்தி, ஜெர்மன் படிக்கிறவங்களும் இருக்கீங்க, குரூப் 4-க்கு உட்கார்ந்திருக்கிறவங்களும் இருக்கீங்க. ரெண்டு பக்கமும் உபயோகப்படட்டும்.

முதல் விஷயம் நானே சொல்லிடறேன். கார்டைத் திருப்பறதுக்கு முன்னாடி விடையை வாய்விட்டுச் சொல்லணும், இல்லேன்னா ஓரமா எழுதிடணும். மனசுக்குள்ள "தெரியும் தெரியும்"னு திருப்பிப் பார்த்தா எல்லா கார்டும் பாஸ்தான். பார்த்ததும் அடையாளம் தெரியறது வேற, பார்க்காம வாயில வர்றது வேற. பரீட்சையில ரெண்டாவதைத்தான் கேக்கறாங்க.

செவ்வாய்ப்பேட்டை கட்டிங்

காகிதத்துல இருந்து ஆரம்பிக்கலாங்க. சார்ட் பேப்பர் வாங்கி வெட்டறவங்கதான் அதிகம். மெலிசா இருக்கும், பின்பக்கம் எழுதினது முன்பக்கம் நிழல் அடிக்கும். விடை தெரிஞ்சுட்டா அப்புறம் எதுக்கு கார்டு? 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம் எடை) போர்டு கேட்டு வாங்குங்க. ஏ4 தாளை மூணு தடவை பாதிப் பாதியா வெட்டினா எட்டு கார்டு வரும். ஒண்ணு 105-க்கு 74 மில்லிமீட்டர், சட்டைப் பையில நிக்கிற அளவு. கத்தரிக்கோல் வேண்டாம். ஓரம் கோணலாப் போனா, "அந்த மூலை சாஞ்ச கார்டா, அதுக்கு விடை இதுதானே"ன்னு விரலே கண்டுபிடிச்சிடும். ஜெராக்ஸ் கடையில கட்டிங் மெஷின் இருந்தா அஞ்சு நிமிஷ வேலை. அச்சகத்துல கல்யாணப் பத்திரிகை அடிச்சு மிஞ்சின வெட்டுத்துண்டு கிடைக்குமான்னும் கேட்டுப் பாருங்க. ஒரே அளவுல இருந்தா மட்டும் எடுங்க.

எழுதறது பால்பாயின்ட். ஸ்கெட்ச் பேனா ஊறி அந்தப் பக்கம் போயிடும்.

இப்ப பெட்டி. ஜெர்மன்காரர் செபாஸ்டியன் லைட்னர் 1972-ல சொன்ன முறை. செருப்புப் பெட்டியில அஞ்சு அறை: 1, 2, 5, 8, 14 சென்டிமீட்டர். கூட்டினா 30, பெரியவங்க செருப்புப் பெட்டியோட நீளம் ஏறக்குறைய அதுவேதான். 250 ஜிஎஸ்எம் கார்டு ஒண்ணு சுமார் 0.3 மில்லிமீட்டர் தடிமன் வருது. அப்படின்னா முதல் அறையில 30 கார்டு, ரெண்டாவதுல 60, கடைசி அறையில 400-க்கு மேல.

விடை சரின்னா அடுத்த அறைக்கு, தப்புன்னா எந்த அறையில இருந்தாலும் முதல் அறைக்கு. முதல் அறையைத் தினமும் பாருங்க. மத்த அறைகளுக்குத் தேதி கிடையாது. இதைத்தான் பல பேர் விட்டுடறாங்க. "திங்கள் ரெண்டாவது, வெள்ளி மூணாவது"ன்னு அட்டவணை போட்டு ரெண்டு வாரத்துல கைவிட்டுடுவாங்க. அறை நிறைஞ்சு அடுத்த கார்டு நுழையலைன்னா, அப்ப அந்த அறையோட முன்பக்கத்துல இருந்து ஒரு கட்டைவிரல் அகலம் எடுத்துப் பாருங்க, போதும். பின்னாடி அறை பெரிசா இருக்கறதால நிறையறதுக்கு நாளாகும், இடைவெளி தானா நீளும். கணக்கு, அலாரம் எதுவும் வேணாம்.

பெட்டி அகலம் கார்டை விடப் பெரிசா இருக்கும். ஓரத்துல ஒரு அட்டைத் தடுப்பு வச்சு அடைச்சிடுங்க, இல்லேன்னா கார்டு சாஞ்சு வரிசை கலையும்.

மேல்முடி மூடுபனி

செவ்வாய்ப்பேட்டை அண்ணா சொன்ன பெட்டி சேலத்து வெயிலுக்குச் சரி. ஏற்காட்டில் மழைக்காலத்தில் அதே பெட்டியை ஜன்னலோரம் வைத்தால் கார்டு ஈரம் இழுத்து வில்லாக வளையும், ஜெல் பேனா மை அடுத்த கார்டில் ஒட்டும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, உள்ளே நாலைந்து சிலிக்கா ஜெல் பொட்டலம், அவ்வளவுதான். லாமினேஷன் செய்யாதீர்கள். கார்டை அடித்துத் திருத்த முடியாமல் போகும், திருத்தாத கார்டு என்று ஒன்று இருக்கவே கூடாது.

பேருந்தில் படிப்பவர்களுக்கு: 20 கொண்டை ஊசி வளைவிலும் குனிந்து கார்டு பார்த்தால் குமட்டல் நிச்சயம். மலைப்பாதைக்கு ஒலி கார்டு மட்டும். கேள்வி, ஐந்து நொடி மௌனம், விடை என்று போனில் பதிந்து ஒரு காதில் மாட்டிக்கொள்ளலாம். மௌனம் ஐந்து நொடிக்குக் குறைந்தால் யோசிக்குமுன் விடை வந்துவிடும்.

அம்மாப்பேட்டை

இந்தி கற்பவர்களுக்கு ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். கார்டில் இந்திச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதாதீர்கள். சாப்பாடும் 'கானா', பாட்டும் 'கானா', ஒற்றைக் கண் உள்ளவனும் 'கானா'. இந்தியில் மூன்றுக்கும் முதல் எழுத்தே வேறு. நம் 'க' மூன்றையும் விழுங்கிவிடும். அப்படி எழுதின ஐந்நூறு கார்டையும் பிறகு தூக்கித்தான் போட வேண்டும். முதலில் தேவநாகரி எழுத்துகளுக்கே கார்டு போடுங்கள். ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் அந்த எழுத்தில் தொடங்கும், ஏற்கெனவே தெரிந்த ஒரு சொல். அது கைக்கு வந்த பிறகு சொற்களுக்குப் போகலாம்.

ஆண்பால் பெண்பாலைத் தனிக் கார்டாக எழுதி மனப்பாடம் செய்வது வீண் வேலை. சொல்லோடு ஒரு பெயரடையைச் சேர்த்து எழுதினால் பால் அதிலேயே ஒட்டிக்கொண்டு வரும். தண்ணீருக்கு 'டண்டா பானி', காற்றுக்கு 'டண்டி ஹவா'. (இங்கே தமிழில் எழுதுகிறேன், கார்டில் எழுதாதீர்கள்!) முன்பக்கம் 'குளிர்ந்த காற்று' என்று கேட்டால் 'டண்டி' என்று வாய் தானே போக வேண்டும்.

இரண்டு விடை வரும் கேள்வி இன்னொரு பொறி. இந்தியில் 'கல்' என்று மட்டும் எழுதினால் நேற்றா நாளையா? இரண்டும்தான். 'கல் ஆயா தா' (நேற்று வந்தான்) ஒரு கார்டு, 'கல் ஆயேகா' (நாளை வருவான்) ஒரு கார்டு. வினைச்சொல் எந்த நாள் என்று காட்டிவிடும். ஒரு கார்டுக்குச் சரியான விடை இரண்டு இருந்தால் பாதி நாள் தப்பு வாங்குவீர்கள். பழியை மட்டும் ஞாபக சக்தி மேல் போடுவோம்.

வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் பெரியவர்கள் இருந்தும் தனக்கு வரவில்லை என்பவர்கள் எங்கள் பக்கம் நிறைய. அதற்கு எழுத்தே வேண்டாம். முன்பக்கம் படம், பின்பக்கம் பாட்டியின் குரல், ஒரு சொல்லும் அதை வைத்து ஒரு சின்ன வாக்கியமும். தறிச் சத்தம் இல்லாத நேரமாகப் பார்த்துப் பதியுங்கள்.

வார்டு டியூட்டி

ஜெர்மன் படிக்கிற நர்ஸுங்களுக்கு. பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி அதோட பாலைக் காட்ட வர்ற ஆர்டிகிளுக்கு நிறம் முதல்ல முடிவு பண்ணுங்க: ஆண்பால் டேர் நீலம், பெண்பால் டி சிவப்பு, மூணாவது பால் டாஸ் பச்சை. எது எந்த நிறம்ங்கறது முக்கியமில்ல, நடுவுல மாத்தக் கூடாது. பன்மையையும் விடையிலேயே சேர்த்துடுங்க. கைக்கு 'டி ஹான்ட், டி ஹென்டே'ன்னு முழுசாச் சொன்னாத்தான் சரி. ஆர்டிகிள் தப்பி சொல் மட்டும் வந்தா அது தப்பு, முதல் அறைக்கு அனுப்புங்க. இதுல இரக்கம் பார்த்தா பி1 நிலை வந்ததும் மொத்தமும் சரியும்.

வேற்றுமைக்கு எல்லா வினைச்சொல்லுக்கும் கார்டு போட வேண்டியதில்ல. உதவறதுக்கு ஜெர்மன்ல டேட்டிவ் (நம்ம 'கு' வேற்றுமை மாதிரி), நம்ம தமிழ்லயும் 'எனக்கு உதவுங்க'தான், 'கு' வருது. அதுக்கு எதுக்கு கார்டு? போன் பண்றதுக்கு நாம 'உனக்கு போன் பண்றேன்'னு சொல்வோம், அவங்க அக்யூசேட்டிவ் (நம்ம 'ஐ' வேற்றுமை மாதிரி) போடறாங்க: 'இஷ் ரூஃபே டிஷ் அன்'. நாம பழக்கத்துல 'டிஷ்'ஷுக்கு பதிலா 'டியர்'னு போட்டுடுவோம். தமிழோட ஒத்துப் போகாத இடத்துக்கு மட்டும் கார்டு எழுதினா பெட்டி பாதியாக் குறையும். இங்கிலீஷ் வழியா எழுதின புஸ்தகத்துல இந்தக் கணக்கு இருக்காது, நாமளேதான் பார்த்துப் பிரிக்கணும்.

எண்களுக்கு எழுத்து கார்டு வேண்டவே வேண்டாம், காதுக்கு மட்டும். 45-ஐ அவங்க 'அஞ்சும் நாப்பதும்'னு சொல்வாங்க. 'ஃபுன்ஃப்' காதுல விழுந்ததும் கை 5-ஐ முதல்ல எழுதிடும், நோயாளியோட சார்ட்ல 54 ஆயிடும். முன்பக்கம் ஒலி, பின்பக்கம் இலக்கம். முழு எண்ணையும் கேட்டு முடிக்கிற வரைக்கும் பேனாவைத் தூக்கிப் பிடிங்க.

குரூப் 4 அஸ்தம்பட்டி

பொது அறிவு கார்டு பெரும்பாலும் இப்படி இருக்கும்: முன்பக்கம் 'மேட்டூர் அணை', பின்பக்கம் ஒன்பது வரி. இது கார்டு இல்லை, குட்டி நோட்ஸ். ஒன்பதில் ஆறு சொன்னால் சரியா தப்பா? சரி என்று போட்டால் விட்ட மூன்று எப்போதும் விட்டதுதான். தப்பு என்று போட்டால் தெரிந்த ஆறையும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

அதை உடைத்துக் காட்டுகிறேன்.

மேட்டூர் நீர்த்தேக்கத்துக்கு இன்னொரு பெயர்? ஸ்டான்லி நீர்த்தேக்கம்.
யார் அந்த ஸ்டான்லி? அணை திறந்தபோது சென்னை மாகாண ஆளுநர்.
அணை திறந்த ஆண்டு? 1934.
முழு நீர்மட்டம்? 120 அடி.
முழுக் கொள்ளளவு? 93.47 டி.எம்.சி.
டெல்டா பாசனத்துக்கு வழக்கமாகத் திறக்கும் நாள்? ஜூன் 12.

இரண்டாவது கார்டு பாடத்திட்டத்துக்குத் தேவையில்லாததுபோலத் தெரியும். ஆனால் பெயரையும் ஆண்டையும் கட்டி வைப்பது அதுதான். 1934 என்று மொட்டையாக நின்றால் வேறு நாலு அணைகளின் ஆண்டோடு கலந்துவிடும். நான்காவதில் 'உயரம்' என்று எழுதாதீர்கள். செய்தியில் நாம் தினமும் கேட்கும் 120 அடி நீர்மட்டம். கட்டுமானத்தின் உயரம் வேறு, அதைவிட அதிகம். கேள்வி வார்த்தை தளர்ந்தால் தவறான விடையைத்தான் அழகாக மனப்பாடம் செய்வோம்.

பட்டியலும் இதே பாடுதான். 'கிழக்குத் தொடர்ச்சி மலைகள் ஆறு கூறுக' என்பதைவிட, கோட்டுப்படம் வரைந்து ஒரு மலையை மட்டும் கறுப்படித்து 'இது எது?' என்று கேளுங்கள். சேலத்துக்கு மேலே சேர்வராயன், நாமக்கல் பக்கம் கொல்லி, திருப்பத்தூர் பக்கம் ஏலகிரி. இடம் தெரிந்தால் பட்டியல் தானே வரும்.

ஐந்து ரோடு

பெட்டி முறை நல்லதுதான், ஆனா ஆயிரம் கார்டு ரெண்டு கிலோ எடை. ஆண்ட்ராய்டு போன் இருந்தா 'அன்கிட்ராய்டு'ங்கற ஃபிளாஷ் கார்டு ஆப் இலவசம். அதுல பெரும்பாலான ஆளுங்க சறுக்கற இடம் பட்டன். 'அகைன், ஹார்டு, குட், ஈஸி'ன்னு நாலு இருக்கும். 'ஹார்டு'ன்னா கஷ்டப்பட்டு ஞாபகம் வந்துச்சுன்னு அர்த்தம். மறந்துபோன கார்டுக்கு வெக்கப்பட்டு 'ஹார்டு' அழுத்தினா, தெரிஞ்ச கார்டுன்னு நினைச்சு அது நாளைத் தள்ளிக்கிட்டே போகும். மறந்தா 'அகைன்', வேற பேச்சே இல்ல. குழப்பமா இருக்கா? 'அகைன்', 'குட்' ரெண்டை மட்டும் வச்சே ஓட்டலாம்.

புதுக் கார்டு நாளுக்கு 20-னு அதுவே போட்டு வச்சிருக்கும். வேலைக்குப் போறவங்க 8 இல்ல 10-க்குக் குறைங்க. புதுசு எவ்வளவோ அதைப்போலப் பத்து மடங்கு வரைக்கும் ரிவ்யூ (திரும்பப் பார்க்க வேண்டிய பழைய கார்டு) வரலாம்னு கணக்கு வச்சுக்கலாம். 20 போட்டா கொஞ்ச வாரத்துல தினம் 200 கார்டு கிட்ட வந்து நிக்கும். விட்டுட்டுப் போனவங்க பாதிப் பேர் இங்கதான் விட்டாங்க. ஒரு வாரம் ஊருக்குப் போய் குவிஞ்சு கிடந்தா, புதுசைப் பூஜ்யமாக்கிட்டு பழசை மட்டும் நாளுக்கு இவ்வளவுன்னு தீருங்க.

எட்டு தடவை மறந்த கார்டை அதுவே 'லீச்'னு (நேரத்தை உறிஞ்சற கார்டு) குறிச்சிடும், செட்டிங்கைப் பொறுத்து ஒதுக்கியும் வச்சிடும். அதைத் திரும்ப உள்ள இழுத்து மல்லுக்கட்டாதீங்க. கேள்வியை மாத்தி எழுதுங்க, ரெண்டா உடைங்க, இல்லேன்னா கிழிச்சுப் போடுங்க.

அடுத்தவங்க போட்ட டெக்கை (கார்டுக் கட்டை) இறக்கறதைப் பத்தி: எழுத்து, எண், மாதப் பெயர் மாதிரி எல்லாருக்கும் ஒண்ணா இருக்கறதுக்கு மட்டும் சரி. மத்தபடி கார்டு எழுதும்போதே பாதி படிப்பு நடக்குது, அதை ஏன் இன்னொருத்தருக்கு விட்டுக் கொடுக்கணும்?

குரங்குச்சாவடி

ஒரு சந்தேகம். பேப்பர் கார்டை எப்படித் திருப்பறது? பக்கவாட்டுலயா, மேலிருந்து கீழா? ரெண்டு பேர் சேர்ந்து படிச்சா பின்பக்கம் தலைகீழா வருது.

செவ்வாய்ப்பேட்டை கட்டிங்

பெட்டியில நிக்க வச்சுப் பார்க்கறவங்க மேலிருந்து கீழாத்தான் புரட்டுவாங்க. அப்ப பின்பக்கத்தைத் தலைகீழா எழுதிடணும், புரட்டும்போது நேரா வரும். ஓட்டை போட்டு வளையத்துல கோத்துப் பார்க்கறவங்களுக்குப் பக்கவாட்டு, நேராவே எழுதலாம். ஓட்டையை இடது மேல் மூலையில ஓரத்துல இருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ள தள்ளிப் போடுங்க, அதுக்கும் கிட்டப் போனா பிய்ஞ்சிடும். ஒரு வளையத்துக்கு 50 கார்டுக்கு மேல கோக்காதீங்க, புரளாது.