குடியாத்தம் வீடு (குழு)

நான்: எல்லாருக்கும் வணக்கம். கல்லூரியில் ஒரு ப்ராஜெக்ட். வேலூர் எம்.பி. தொகுதியில் எந்தப் பக்கம் எந்த மக்கள் அதிகம், அவர்கள் யாருக்குப் போடுவார்கள், எத்தனை பேர் வந்து போடுவார்கள் என்று ஒரு படம் வரைந்திருக்கிறேன். தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

நான்: 📷 படம்

சித்தி: சூப்பர் கண்ணா 👏👏

ஆம்பூர் அத்தை: பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் ஊருக்குப் பச்சை அடித்து "முஸ்லிம், திமுக" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். வாணியம்பாடிக்கும் அதே பச்சை. 2016-ல் அங்கே நிலோபர் கபில் எந்தச் சின்னத்தில் ஜெயித்தார்?

நான்: இரட்டை இலை 🙈

ஆம்பூர் அத்தை: மந்திரியும் ஆனார். 2021-லும் அங்கே இலைதான். எதிரில் நின்றது முஸ்லிம் லீக், ஏணிச் சின்னம். சூரியன் அங்கே நிற்கவே இல்லை. இதற்கு என்ன கலர் அடிப்பாய்?

காட்பாடி மாமா: மாப்பிள்ளை, எங்கள் ஊரையும் சேர்த்து வரைந்திருக்கிறாயே. காட்பாடி வேலூர் எம்.பி. தொகுதியிலேயே இல்லை. நாங்கள் அரக்கோணத்துக்குப் போடுகிறோம். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் எம்.பி.யே வேறு.

நான்: ஐயோ. சரி மாமா, எடுத்துவிடுகிறேன்.

பெரியப்பா: கார்த்தி, குடியாத்தத்தையும் கே.வி.குப்பத்தையும் ஏன் "தலித் வாக்கு" என்று நீலத்தில் போட்டிருக்கிறாய்?

நான்: இரண்டும் தனித்தொகுதி இல்லையா பெரியப்பா?

பெரியப்பா: நிற்பவர்தான் பட்டியல் சாதியாக இருக்க வேண்டும். ஓட்டு ஊரே போடும். நம் தெருவும் அந்தத் தொகுதிதான், நாம் யார் என்று உன் அப்பாவிடம் கேள்.

காட்பாடி மாமா: 😂😂

பெரியப்பா: இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. 2019 ஞாபகம் இருக்கிறதா? பணம் பிடிபட்டு வேலூர் எம்.பி. தேர்தலை மட்டும் ரத்து செய்தார்கள். ஆனால் ஏப்ரல் 18 அன்று குடியாத்தம், ஆம்பூர் சட்டமன்ற இடைத்தேர்தல் நடந்தது. இரண்டிலும் சூரியன். அப்புறம் ஆகஸ்ட் 5-ல் எம்.பி. தேர்தல். அதில் குடியாத்தத்தில் முன்னிலை யாருக்கு?

நான்: பார்க்கிறேன்... இலைக்கு! ஏ.சி.சண்முகம்.

பெரியப்பா: நடுவில் நான்கு மாதம் கூட இல்லை. அதற்குள் ஊரில் சாதி மாறியதா, மதம் மாறியதா? அதே ஜனம், அதே வாக்குச்சாவடி. எதற்கான தேர்தல், யார் நிற்கிறார் என்பதுதான் மாறியது.

நான்: ஆனால் அந்த ஆகஸ்டில் ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர் மூன்றும் திமுகவின் கதிர் ஆனந்துக்குத்தானே? என் பச்சை அங்கே சரியாகத்தானே வருகிறது?

ஆம்பூர் அத்தை: வந்தது, அந்தத் தடவை. முத்தலாக் மசோதாவை மக்களவையில் அதிமுக உறுப்பினர் ஆதரித்தது ஜூலை 25. அடுத்த பத்து நாளும் எங்கள் தெருவில் வேறு பேச்சே இல்லை. எதிர்வீட்டு பாய் அதுவரை இலைக்காரர். அவர் யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை, ஆனால் முகம் சரியாக இல்லை. வித்தியாசம் வெறும் 8,141. நோட்டா அதைவிட அதிகம்.

காட்பாடி மாமா: அதே இரண்டு பேர் 2024-லும் நின்றார்கள். சண்முகம் தாமரையில், அதிமுக தனியாக. வித்தியாசம் 2 லட்சத்தைத் தாண்டியது. கூட்டணிக்கு ஒரு கட்டம் போடு மாப்பிள்ளை, மற்றதெல்லாம் அப்புறம்.

நான்: அப்போது வாக்குப்பதிவு சதவீதத்தையாவது விடலாமா?

பெங்களூர் அக்கா: என்னால்தான் குடியாத்தத்தில் சதவீதம் குறைகிறது தம்பி 😅 பெயர் அங்கே, நான் இங்கே. வெள்ளிக்கிழமை தேர்தல் என்றால் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. 2024-ல் வரவே முடியவில்லை.

பெரியப்பா: இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது பெங்களூரிலோ சென்னையிலோ இருக்கிறார்கள். அவர்களும் இறந்துபோனவர்களும் பட்டியலில் இருக்கும்வரை "படித்தவன் வருவதில்லை, நகரத்தான் சோம்பேறி" என்று எழுதிவிடாதே. 2025 டிசம்பர் வரைவு வாக்காளர் பட்டியலில் தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 97 லட்சம் பெயர் போயிற்று. ஓட்டுப் போட ஒருவர் கூடுதலாக வராவிட்டாலும், கீழே இருக்கும் எண், அதாவது பட்டியலில் உள்ள மொத்தப் பெயர், குறைந்தால் சதவீதம் தானாக ஏறும்.

பெங்களூர் அக்கா: அந்த 97 லட்சத்தில் நானும் போய்விட்டேனா என்று யாராவது பார்த்துச் சொல்லுங்களேன்.

பெரியப்பா: இன்னொன்று. நான் எத்தனை தேர்தலில் சாவடித் தலைமை அலுவலராக உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் நாட்குறிப்பில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, மூன்றாம் பாலினம் எத்தனை என்றுதான் எழுதுவோம். சாதிக்கும் மதத்துக்கும் கட்டமே கிடையாது. அப்படியிருக்க உன் படத்தில் "வன்னியர் வாக்குப்பதிவு 78%" எங்கிருந்து வந்தது?

நான்: ஒரு ஃபார்வேர்டில்...

ஆம்பூர் அத்தை: 🤦‍♀️

நான்: அழித்துவிடுகிறேன். வாக்குச்சாவடி வாரியாக முடிவு வரும் படிவம் 20-ஐ எடுத்து முதலிலிருந்து செய்கிறேன். அதிலிருந்துகூட தெருவைத்தான் சொல்ல முடியும், ஆளைச் சொல்ல முடியாது, இல்லையா பெரியப்பா?

பெரியப்பா: 👍

நான்: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சித்தி: எதற்குக் கண்ணா எடுத்தாய்? நான் அப்போதே தெரு குழுவில் போட்டுவிட்டேனே. கவுன்சிலர் வீட்டில் கேட்கிறார்கள், இதை யார் செய்தது என்று.