ஃபோம் மேல் ஃபோம்: டப்பா பசையா, ஸ்பிரேயா?

இழைப்புளி:
இருக்கைக்கு 4 அங்குலக் கெட்டி ஃபோம்மேல் 1 அங்குல மெத்து ஃபோம் ஒட்டுவதற்கு, டப்பாவில் வரும் கான்டாக்ட் பசையே போதும். இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பூசி 10, 15 நிமிடம் ஆறவிட்டு, விரல் முட்டியால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுக்கலாம், நூலாக இழுக்கக் கூடாது. அந்தப் பதத்தில் வைத்து அழுத்தினால் பிறகு பிரிக்கவே முடியாது.

கத்தரி:
பிரிக்க முடியாது, சரி. உட்கார முடியுமா? அந்தப் பசை நியோபிரீன் என்ற செயற்கை ரப்பர். இருக்கைக்குப் போடும் ஸ்பாஞ்சு ஃபோம் அதை உறிஞ்சிவிடும். மேலே பசை தெரியவில்லையே என்று இன்னொரு கோட் அடிப்பார்கள். காய்ந்ததும் நடுவில் அட்டை வைத்தமாதிரி உறுத்தும், அமுக்கினால் மொறமொறக்கும். ஃபோமுக்கென்றே வரும் ஸ்பிரே சிலந்தி வலைபோல் இழையிழையாக மேலேயே தங்கும், காய்ந்தாலும் வளையும். 20 முதல் 30 செ.மீ. தள்ளிப் பிடித்து அடித்தால் போதும்.

இழைப்புளி:
முழுப் பரப்பிலும் பூசினால்தானே உறுத்தும்? ஓரத்தைச் சுற்றி 2 அங்குலப் பட்டை, நடுவில் ஒரு பெருக்கல் குறி. மேலே உறை இழுத்துத் தைத்தபின் அடுக்கு எங்கே நகரப்போகிறது?

தராசு:
என்ன ஃபோம் என்று இருவருமே கேட்கவில்லையே! தெர்மகோலில் இந்தப் பசை பட்டால் கரைந்து குழி விழும். அதற்கு, தெர்மகோலுக்கு ஆகும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும் நீர்ப்பசைதான். பார்சலில் வரும் வெள்ளை பாலிஎத்திலீன் ஃபோமில் பசை பிடிக்காமல் உரிந்து வரும். சூடான காற்றால் இரு முகத்தையும் இளக்கி அழுத்துவது நல்ல வழி. செருப்பு அடிப்பாகத்துக்குப் போடும் ரப்பர்போன்ற ஈ.வி.ஏ. ஷீட் என்றால் வழவழப்பான முகத்தை 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துவிட்டுப் பூசுங்கள், டப்பா பசையே நன்றாகப் பிடிக்கும்.

கத்தரி:
ஈ.வி.ஏ.வுக்கு ஒத்துக்கொள்கிறேன், ஸ்பாஞ்சுக்கு மாட்டேன். ஓரத்தில்தானே தொடையின் பாரம் விழுகிறது? அங்கேயே கெட்டிப் பட்டை போடச் சொல்கிறீர்களே! இன்னொன்று, மழைநாளில் பசையை இளக்கி வைத்திருக்கும் கரைப்பான் ஆவியாகும்போது பூசிய இடம் குளிர்ந்து, காற்றின் ஈரம் வெள்ளைப் படலமாகப் படியும். அதன்மேல் வைத்தால் ஒட்டியதுபோல் இருந்து மறுநாள் கழன்றுவிடும்.

இழைப்புளி:
படலம் மறைந்து தெளியும்வரை பொறுங்கள். அவசரப்பட்டு அடுப்பு, ஹீட்டர் பக்கம் கொண்டுபோகவே கூடாது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்துபோய்த் தீப்பிடிக்கும். ஸ்பிரேக்கும் இதேதான், கத்தரி. ஓரத்து உறுத்தலைப் பற்றிச் சொன்னது நியாயம். பட்டையை 1 அங்குலமாகக் குறைக்கலாம். ஆனால் டப்பாவை விடமாட்டேன்.