1719 பிரிட்டிஷ் போர்க்கப்பல் மாதிரி: அடிப்பாகத்தில் செம்புத் தகடு ஒட்டலாமா?

குளச்சல்காரன்:
அண்ணன்மாரே, 1719 அளவுத் திட்டத்தின் (பிரிட்டிஷ் கடற்படை கப்பல்களுக்கு வகுத்த அளவு விதி) 60 பீரங்கிக் கப்பலை 1:72 அளவில், அதாவது 72இல் ஒரு பங்காக, தேக்கில் செய்கிறேன். தண்ணிக்கு அடியில் செம்புத் தகடு ஒட்டலாமா? நீளம் எவ்வளவு வரும்?

தக்கலை ஆசாரி:
செம்பு வேண்டாம் தம்பி. கடற்படை அதைச் சோதித்ததே 1761இல், 'அலாரம்' கப்பலில். அங்கேயும் உப்புத்தண்ணீரில் செம்போடு சேர்ந்த இரும்பு ஆணிகள் அரித்துப்போயின. உன் கப்பலின் காலத்தில் மீன் எண்ணெய், பைன் பிசின், கந்தகம் மூன்றையும் காய்ச்சிப் பூசுவார்கள், நம்ம வள்ளத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவது போல. நிறம் மங்கிய வெள்ளை. கொஞ்சம் மஞ்சள் கலந்து அடி, பளபளப்பு கூடவே கூடாது. வெப்பக்கடலுக்குப் போகும் கப்பலுக்குத் தாரும் மயிரும் வைத்து மெல்லிய பலகை ஒன்றை மேலே அடிப்பார்கள். கப்பல்புழு அதைத் தின்னும், உள்பலகை தப்பும்.

முட்டம்:
நிஜக் கப்பலின் பீரங்கித் தளம் 144 அடி நீளம், கப்பலின் அகலம் 39 அடி. உன் மாதிரியில் தளம் சரியாக 2 அடி, அகலம் ஆறரை அங்குலம். தேக்கின் ரேகை இந்த அளவுக்குப் பெரிசு மக்கா, மஞ்சக்கடம்பு எடு. சுக்கானுக்குச் சக்கரம் வைக்கலாம், அதற்குள் வந்துவிட்டது. முந்தைய செங்குத்துக் கம்பு சுக்கானைச் சில பாகைதான் திருப்பும்.

குளச்சல்காரன்:
கீழ்த்தளப் பீரங்கி?

முட்டம்:
24 பவுண்டு எடைக் குண்டு சுடுவது. மேல்தளத்தில் 9 பவுண்டு.