புதுப்பிப்பு: கொரோனாவால் தள்ளிப்போன அம்மாவின் ஆபரேஷன்

பித்தப்பைக் கல்லுக்குத் தேதி குறித்த பிறகு அம்மாவுக்குக் கொரோனா, காய்ச்சல் விட்டு எட்டே நாளில் செய்யலாமா என்று இரண்டு மாதத்துக்கு முன் கேட்டிருந்தேன். பொறுங்கள் என்று சொன்ன அத்தனை பேருக்கும் நன்றி.

அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போய் மயக்க மருத்துவரைத் தனியாகப் பார்த்தோம், இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். காய்ச்சல் விட்டாலும் மூச்சுக்குழாய் சில வாரம் புண்பட்ட மாதிரிதான் இருக்கும், மயக்கத்தில் குழாய் போடும்போது சட்டென்று இறுகி ஆக்சிஜன் இறங்கலாம், பிறகு நிமோனியா, ரத்தக்கட்டு வரவும் வாய்ப்பு கூடுதல் என்றார். 116 நாடுகளில் 1,40,231 பேரை வைத்து நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், தொற்று வந்து 7 வாரத்துக்குள் ஆபரேஷன் செய்தவர்களிடம் இறப்பு அதிகம் என்று தெரிந்ததால், அப்போது 7 வாரம் காத்திருக்கச் சொன்னார்களாம். தடுப்பூசியும் ஒமிக்ரானும் வந்த பின், 2023-இல் அமெரிக்க மயக்கவியல் மருத்துவர்கள் சங்கம் அதைத் தளர்த்தியது: முதல் 2 வாரம் வேண்டாம், 2 முதல் 7 வாரம் வரை ஆளையும் ஆபரேஷனையும் பொறுத்து முடிவு.

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, மச்சுப்படி ஏறினால் அப்போதும் இளைப்பு. அதனால் 7 வாரமும் பொறுப்போம் என்றார். நடுவில் வயிற்றுவலியோடு காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ வந்தால் காத்திருக்காமல் உடனே வாருங்கள் என்றும் அழுத்திச் சொன்னார், இதைத் தயவுசெய்து மறக்காதீர்கள்.

சரி, போன வியாழக்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இருமல் இல்லை. நேற்று சொதியும் சோறும் கேட்டார்கள், சோறு மட்டும் ரசம் விட்டுக் கொடுத்தேன்.