டோர் பீடிங்குக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும்

ஓஹாயோவிலிருந்து

குழுமத்தாருக்கு வணக்கம். ஒரு சொல் கேட்டு வந்திருக்கிறேன்.

என்னிடம் 1971ஆம் ஆண்டு ஃபோர்ட் எஃப்-100 பிக்கப் ஒன்று இருக்கிறது. வார இறுதிகளில் சிறிது சிறிதாகச் சீர்படுத்துகிறேன். செய்வதையெல்லாம் தமிழில் குறிப்பெடுத்தும் வைக்கிறேன். கீல், கைப்பிடி, தாழ் வரைக்கும் தமிழ் தானாக வந்தது. கதவின் ஓரத்தைச் சுற்றி ஓடும் ரப்பருக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

இங்கே அதை வெதர்ஸ்ட்ரிப் என்கிறார்கள். இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டேன். 'வானிலை அகற்றுதல்' என்று வந்தது. ஸ்ட்ரிப் என்றால் பட்டை என்று கொள்ளாமல், உரிப்பது என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. சரி, 'டோர் சீல்' என்று மாற்றிப் போட்டேன். 'கதவு முத்திரை' என்றது. கடன் கட்டாத வீட்டுக்கு அரக்கு வைத்துவிட்டுப் போன மாதிரி இருக்கிறது.

பொருள் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கதவுக்கும் கேபினின் வாசல் சட்டத்துக்கும் நடுவே இருக்கும் இடுக்கை அடைப்பது இதன் வேலை. கையால் அழுத்தினால் அமுங்கும், விட்டால் எழும். சில வண்டிகளில் கதவில் இருக்கும், சிலவற்றில் வாசல் சட்டத்தில். சிலவற்றைப் பசை போட்டு ஒட்ட வேண்டும். சிலவற்றுக்குள் உலோகப் பல் இருக்கும். தகட்டு விளிம்பில் சொருகினால் அதுவே கவ்விக்கொள்ளும். என் வண்டியில் கதவில் ஒட்டுகிற வகை. பழையது கல்லாக இறுகி, வெடித்து, மழை பெய்தால் என் இடது முழங்கால் நனைகிறது.

என்ன சொல்லலாம்?


சென்னையிலிருந்து

வணக்கம். 'வானிலைத் தடுப்புப் பட்டை' என்று வைத்துக்கொள்ளலாம். மூலச் சொல்லின் இரு பகுதியும் வந்துவிடுகிறது. நீளம் என்று தோன்றினால் 'கதவடைப்புப் பட்டை'.


கோயம்புத்தூரிலிருந்து

ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. கதவடைப்பு என்றால் எங்கள் ஊரில் மில் முதலாளி கேட்டை இழுத்துப் பூட்டுவது. அந்தப் பட்டையைக் கையில் எடுத்தாலே தொழிற்சங்கம் கொடி பிடித்து வந்துவிடும்.

அப்பா டிங்கரிங் பட்டறை வைத்திருந்தார். அங்கே இதற்கு ஒரே பெயர், பீடிங். 'அண்ணே, டோர் பீடிங் போயிருச்சு' என்பார்கள், அவ்வளவுதான். ஆனால் சிக்கலும் அங்கேயேதான். ஜன்னல் கண்ணாடியைப் பிடித்து நிற்கும் மரச் சட்டமும் பீடிங், சோபாத் தையலில் ஓடும் கயிறும் பீடிங். நாலு வேலைக்கு ஒரே பெயர்.

வானிலையை விட்டுவிடலாம் என்பது என் கட்சி. ஃபிரிட்ஜ் கதவிலும் இதே ரப்பர்தான் இருக்கிறது. சமையலறைக்குள் ஏது வானிலை? அண்ணா ஒட்டுகிற வகை என்கிறார். ஒட்டு, அடை இரண்டையும் சேர்த்துச் சொல் செய்யலாமே என்று பார்த்தேன். ஒட்டடை வந்தது. அதை அடிக்கத் துடைப்பம்தான் தேட வேண்டும்.


ரொறன்ரோவிலிருந்து

எல்லோருக்கும் வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 போன்ற பழைய கார்கள் இன்னும் ஓடுகின்றன. எங்கள் ஊர் கராச்சில் இதைக் 'கதவு றப்பர்' என்றுதான் சொல்வார்கள். சாமான் வராத சண்டைக் காலத்தில் மாமா சைக்கிள் ரியூப்பை நீளத்துக்குக் கீறி ஒட்டினவர். மழைக்குத் தாங்கியது, புழுதிக்குத் தாங்கவில்லை. ரியூப் தட்டை; நடுவில் காற்றில்லை; அமுங்க இடமில்லை. அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

மரக்கலத்தில் பலகை இடுக்குகளை அடைக்கிற வேலைக்குக் 'கலப்பற்று' என்று பழைய அகராதிகளில் ஒரு சொல் உண்டு. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரைக்கும் போனது. அந்தக் கடலை அந்த இடுக்குகள்தான் தாங்கின. ஆனால் கலப்பற்று இடுக்கில் இறுகித் திணிந்து கிடப்பது. திறந்து மூடுகிற கதவுக்குப் பொருந்தாது. ஆசையை விட்டுவிட்டேன்.

'இடுக்கடை' எப்படி? இடுக்கை அடைப்பது. ஃபிரிட்ஜுக்கும் பொருந்தும்.


ஓஹாயோவிலிருந்து

இடுக்கடை நன்றாக இருக்கிறது, ஆனால் அவசரப்பட வேண்டாம். நேற்றும் இன்றும் ஓட்டுநர் பக்கக் கதவை முடித்தேன். முடித்த பிறகு 'அடை' மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ரப்பரைத் தொடவே இல்லை. கதவைத் திறந்து, நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தேன். ஆடினால் கீல் முளை தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். தொங்கிப்போன கதவுக்கு எந்த ரப்பர் போட்டாலும் மேல் மூலையில் இடுக்கு விரியும், கீழ் மூலையில் நசுங்கும். என்னுடையதில் கொஞ்சம் ஆட்டம் இருந்தது. கீல் முளையும் புஷ்ஷும் மாற்றியதில் சனிக்கிழமை காலை போயிற்று.

அப்புறம் பழைய பசை. இந்த வேலையில் பாதி நேரம் இதுதான். ஐம்பது வருடத்தில் எத்தனை பேர் எத்தனை வகைப் பசை பூசினார்களோ, ஏடு ஏடாக வந்தது. பிளாஸ்டிக் சுரண்டியால் சுரண்டி, கரைப்பானில் துடைத்து, கடைசியில் ஆல்கஹாலில் ஒரு துடை. இங்கே பழைய வண்டிக்காரர்கள் இந்தப் பசைக்கு வைத்திருக்கும் செல்லப் பெயர் 'கொரில்லாச் சளி'. மஞ்சளாக இருக்கும், கையில் பட்டால் எளிதில் போகாது. பெயர் வைத்தவர் எந்த அகராதியையும் புரட்டியிருக்க மாட்டார். கையைப் பார்த்து வைத்தது.

பசை பூசும் முன், வெறும் ரப்பரை மட்டும் சுற்றிலும் வைத்து நாடா ஒட்டிப் பார்த்தேன். மூலைகளுக்கென்றே வார்த்த வளைவு இருக்கும். அது மூலையில் உட்கார்ந்த பிறகுதான் நேர்ப்பகுதியைப் பார்க்க வேண்டும். எங்காவது கொஞ்சம் குறைகிற மாதிரி இருந்தால் இழுக்கத் தோன்றும். இழுக்கவே கூடாது. இழுத்து ஒட்டிய ரப்பர் நாலு நாளில் தன் நீளத்துக்குத் திரும்பிவிடும், மூலையில் வாய் பிளக்கும். கொஞ்சம் மிஞ்சினால் பரவாயில்லை, ஒதுக்கித் தள்ளி உட்கார வைக்கலாம். இந்தப் பசை இரண்டு பக்கமும் பூசி, சில நிமிடம் காயவிட்டு, விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும்போது அழுத்த வேண்டிய வகை. ஒரு தடவை உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான்.

இனிமேல்தான் விஷயம். ஒட்டி முடித்துக் கதவைச் சாத்தினேன். மூடவில்லை. அறைந்தேன், பாதித் தாழ் விழுந்தது. புது ரப்பர் தடித்து நிற்கிறது, கதவைத் தள்ளுகிறது. இடுக்கை அடைப்பது மட்டும்தான் வேலை என்றால் இது நன்றாக அடைத்திருக்கிறது. கதவுதான் மூட மாட்டேன் என்கிறது. கதவுத் தூணில் தாழ் போய்க் கவ்வும் ஸ்ட்ரைக்கரைத் தளர்த்தி ஒரு மில்லிமீட்டர் வெளியே நகர்த்தினேன். கண்ணாடியை விரலளவு இறக்கிவிட்டு, உள்ளே அடைபடும் காற்றுக்கு வழி விட்டு, மறுபடி சாத்தினேன். விழுந்தது. அப்படியே ஓர் இரவு விட்டேன். காலையில் திறந்து மூடினால் பாதி பலம் போதுமானதாக இருந்தது. ரப்பர் கதவின் கனத்துக்குப் பழகி, கொஞ்சம் படுத்துவிட்டது. இன்னும் சில நாளில் ஸ்ட்ரைக்கரைப் பழையபடி உள்ளே தள்ள வேண்டும்.

பிறகு ஒரு டாலர் தாளை இடையில் வைத்துச் சாத்தி இழுத்துப் பார்ப்பது. கொஞ்சம் பிடித்துக்கொண்டு வர வேண்டும். சும்மா உருவிக்கொண்டு வந்தால் அங்கே ரப்பர் தொடவில்லை. சுற்றிலும் பன்னிரண்டு இடம் பார்த்தேன். பின் மேல் மூலை மட்டும் லேசு.

ஆக, இது அடைப்பு மாதிரி நடந்துகொள்ளவில்லை. முதுகைக் கொடுத்து, அமுங்கி, அமுங்கியதால் தடுக்கிறது. ஒயின் புட்டித் தக்கையையும் இதையும் ஒரே 'அடை'யில் போட மனம் வரவில்லை. அமுங்குவது சொல்லில் வர வேண்டும். 'அமுக்கடை' என்று யாராவது எழுதினால் நான் குழுமத்தை விட்டு விலகிக்கொள்கிறேன்.


சென்னையிலிருந்து

தம்பி, வானிலையை நான் கைவிட்டாயிற்று. நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஒரு சொல் எழுந்து நின்றது. அணை.

தண்ணீரைத் தடுப்பது அணை. மெத்தென்று முதுகு கொடுப்பதும் அணை. தலையணை, பஞ்சணை, பூவணை எல்லாம் அதுதான். கட்டிப் பிடிப்பது அணைத்தல். உங்கள் ரப்பர் இந்த மூன்றையும் செய்கிறது. மெத்தையாக இருப்பதால்தான் கதவை அணைக்கிறது, அணைப்பதால்தான் அணையாக நிற்கிறது. வேறு மொழியில் இதற்கு மூன்று சொல் தேட வேண்டும்.

எனவே 'கதவணை'.


கோயம்புத்தூரிலிருந்து

ஐயா, அணை பிரமாதம். ஆனால் கதவணை ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. மாயனூரில் காவிரிக்குக் குறுக்கே நிற்பது கதவணை. அண்ணா வண்டியில் கதவணை மாற்றினார் என்று எழுதினால் டெல்டா விவசாயிகள் திரண்டு வருவார்கள்.

ரொறன்ரோ அண்ணனின் இடுக்கோடு அணையைச் சேர்த்தால் 'இடுக்கணை'. வள்ளுவர் வந்து 'இடுக்கண் வருங்கால் நகுக' என்று நிற்கிறார். இடுக்கணை மாற்றினேன் என்றால் துன்பத்தை மாற்றினேன் என்றாகிவிடும். (நிஜமாகவே அதுதான் நடந்தது, முழங்கால் இனி நனையாது.)

'ஓரணை' சின்னதாக இருக்கிறது, ஆனால் 'ஓர் அணை' என்று காதில் விழுகிறது. மிஞ்சுவது விளிம்பு. விளிம்பணை?


ரொறன்ரோவிலிருந்து

விளிம்பணை. இரண்டு தரம் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், வாய்க்குள் உருள்கிறது. என் இடுக்கடையை மீளப் பெறுகிறேன்.

ஒரு சின்னச் சந்தேகம். கண்ணாடி மேலும் கீழும் போகிற இடத்தில் மயிர் மாதிரி ஒரு பட்டை இருக்குமே, அதுவும் விளிம்பில்தானே இருக்கிறது? அதுவும் விளிம்பணையா?


ஓஹாயோவிலிருந்து

விளிம்பணை. இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். புது ரப்பர் உறையிலிருந்து எடுத்தபோது சுருண்டு சுருண்டு கிடந்தது. பெருமாள் மட்டும் வந்து படுத்தால் பாம்பணைதான் என்று வீட்டில் சிரித்தார்கள். அப்போதே சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது.

அந்த மயிர்ப்பட்டை விளிம்பணை இல்லை, அதற்குக் காரணமும் உண்டு. அது எதற்கும் முதுகு கொடுப்பதில்லை. கண்ணாடி இறங்கும்போது தண்ணீரை வழித்துவிடும், கண்ணாடி சலசலக்காமல் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான். அதைத் தாண்டியும் தண்ணீர் கதவுக்குள் போகத்தான் செய்யும். போக வேண்டும் என்றே வடிவமைத்திருக்கிறார்கள். உள்ளே போன தண்ணீர் கதவின் அடியில் உள்ள வடிதுளைகள் வழியாக வெளியே போய்விடும். ரப்பர் ஒட்டுகிற ஆர்வத்தில் அந்தத் துளைகள் மேல் பசை பூசிவிடக் கூடாது. எனக்கு முன்னால் இந்த வண்டியை வைத்திருந்தவர் பூசியிருக்கிறார். கதவின் கீழ் விளிம்பு உள்ளிருந்தே துருப்பிடித்து, அப்பளம் மாதிரி உடைந்தது. மழை மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன், பாவம்.

அந்த மயிர்ப்பட்டைக்கு இங்கே வண்டிக்காரர்கள் வைத்த பெயர் 'பூனை மீசை'. இந்த ஆட்கள் எல்லாவற்றுக்கும் இப்படித்தான் பெயர் வைப்பார்கள். 1967 முதல் 1972 வரை வந்த ஃபோர்ட் பிக்கப்பின் பக்கவாட்டில் ஒரு மேடு ஓடுகிறது, அதனால் அவை 'பம்ப்சைடு'. 1973 முதல் 1979 வரை வந்தவற்றில் அதே இடம் உள்வாங்கிக் குழிந்திருக்கும், அவை 'டென்ட்சைடு'. தொழிற்சாலையில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. பார்த்தவர்கள் சொன்னார்கள். பூனைமீசையை நாம் மொழிபெயர்க்கக்கூட வேண்டாம், நம் வீட்டுப் பூனைக்கும் அதே மீசைதான். கண்ணாடி ஓடும் பள்ளத்துக்குத் தச்சர் சொல்லே இருக்கிறது, காடி. 'கண்ணாடிக் காடி' என்று எழுதிவிட்டேன்.

'ஆயில் சீல்' என்ற சொல்லைத் தொடப் போவதில்லை. அதை அப்படியே விட்டுவிடுவோம், எல்லோருக்கும் தெரிகிறது.

குறிப்பில் முதல் தடவை 'விளிம்பணை, அதாவது டோர் பீடிங்' என்று எழுதி, அதன் பிறகு விளிம்பணை மட்டும் போடுகிறேன். பட்டறைக்குப் போகும்போது பீடிங் என்றே கேட்பேன். இல்லாவிட்டால் பொருள் கிடைக்காது. பேருந்து தெருவுக்கு வந்துவிட்டது, மகிழுந்து இன்னும் செய்தி வாசிப்பிலேயே நிற்கிறது. இது எந்தப் பக்கம் போகும் என்பது நம் கையில் இல்லை.


கோயம்புத்தூரிலிருந்து

அண்ணா, போட்டதோடு விடாமல் விளிம்பணைக்கு சிலிக்கோன் மசகு தடவுங்கள். மறந்தும் கிரீஸ் வேண்டாம். இப்போது வரும் கதவு ரப்பர் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர். வெயிலுக்கும் ஓசோனுக்கும் அசையாது, பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிவிடும். அப்பா பட்டறையில் ஓர் அம்பாசடருக்கு நானே தடவி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.


ஓஹாயோவிலிருந்து

தடவியாயிற்று, சிலிக்கோன்தான். அடுத்த சனிக்கிழமை வலப்பக்கக் கதவு. அதற்குள் ஐயா ஒன்று மட்டும் சொல்லிவிட வேண்டும். விளிம்பணை ஒட்டும் பசைக்கு 'விளிம்பணைப் பசை' என்று எழுதியிருக்கிறேன். ஒற்று மிகும்தானே?


சென்னையிலிருந்து

மிகும். கொரில்லாச் சளிக்கும் மிகும்.