கொரோனா சமயத்துல எமர்ஜென்சிக்கு வந்தவங்க எண்ணிக்கை ஏன் குறைஞ்சுது?

வெண்மதி:
எல்லாருக்கும் வணக்கம். ஆஸ்பத்திரி நிர்வாகம் படிக்கிறேன், பெருந்தொற்று வந்தா எமர்ஜென்சி டிபார்ட்மெண்ட் எப்படி மாறுதுன்னு ஒரு அசைன்மெண்ட் எழுதிட்டிருக்கேன். 2020ல டிவில பாத்ததெல்லாம் வராண்டா வரைக்கும் நோயாளிங்க, வாசல்ல ஆம்புலன்ஸ் வரிசை. ஆனா கணக்க எடுத்துப் பாத்தா நேர்மாறா இருக்கு. அமெரிக்காவோட நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி அறிக்கைப்படி 2020 மார்ச் கடைசிலேர்ந்து ஏப்ரல் கடைசி வரை எமர்ஜென்சிக்கு வந்தவங்க, முந்தின வருஷம் அதே சமயத்த விட 42 சதவீதம் கம்மி, வாரத்துக்கு சராசரியா 21 லட்சம் பேர் வந்த இடத்துல 12 லட்சம்தான். இங்கிலாந்துலயும் அந்த ஏப்ரல்ல பாதிக்கும் மேல விழுந்திருக்கு. இது ரெண்டும் ஒரே நேரத்துல எப்படி உண்மையா இருக்கும்? வராம போனவங்க என்ன ஆனாங்க? அங்க வேலை பாத்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

கேஷுவாலிட்டி சிஸ்டர்:
ரெண்டும் உண்மைதான்மா. கால் சுளுக்குன்னு வர்றவரும் கணக்குல ஒருத்தர்தான், மூச்சு விட முடியாம வர்றவரும் ஒருத்தர்தான். சுளுக்குக்காரர் கட்டு போட்டுட்டு கொஞ்ச நேரத்துல கிளம்பிடுவாரு, மூச்சுத்திணறல்காரருக்கு தனி ரூம் வேணும், ஆக்சிஜன் வேணும், பக்கத்துலயே ஆள் நிக்கணும், மேல வார்டுல பெட் காலியாகலன்னா ராத்திரி முழுக்க எங்ககிட்டயேதான் இருப்பாரு. அதனால வந்தவங்க பாதியா குறைஞ்சாலும் இடம் நிரம்பித்தான் கிடந்துச்சு. இதுல ஒவ்வொரு தடவையும் கவுன், என்-95, ஷீல்டு எல்லாம் மாட்டிட்டுதான் உள்ள போகணும், ஆள் மாத்தினா ரூம கிளீன் பண்ணணும், முன்னாடி சட்டுனு முடியற வேலை கூட இழுத்துச்சு.

வராதவங்களப் பத்தி கேட்டீங்க. ஒருத்தர் வந்தாரு, முந்தின நாள் சாயங்காலத்துலேர்ந்து நெஞ்சுல பாரமா இருந்திருக்கு, வாயுன்னு நெனச்சு வெந்நீர் குடிச்சுட்டு படுத்துட்டாரு, இங்க வந்தா கொரோனா ஒட்டிக்குமேன்னு பயம். ஈசிஜி எடுத்தா இதயத்தசை செத்துப்போன அடையாளம் ஏற்கனவே விழுந்திருக்கு, அடைப்ப உடனே எடுத்திருந்தா கிடைச்சிருக்க வேண்டிய பலன்ல பெரும்பகுதி போயிடுச்சு. இந்த மாதிரி ஈசிஜிய அந்த மாசங்கள்ல அடிக்கடி பாத்தோம். ஸ்ட்ரோக்குலயும் இதே கதைதான், ரத்தக்கட்டிய கரைக்கிற ஊசிய பொதுவா நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும், அதுக்கப்புறம் வந்தா பெரும்பாலானவங்களுக்கு அந்த ஊசி போட முடியாது.

தரவுப்பிரியன்:
சிஸ்டர் சொல்றத மறுக்கல, ஆனா அந்த 42 சதவீதத்த முழுசா பயம்னு எழுதிடாதீங்க. லாக்டவுன்ல ரோட்டுல வண்டியே இல்ல, விபத்து குறைஞ்சுது. ஸ்கூல் மூடி மாஸ்க்கும் போட்டதால சளி, ஃப்ளூ, குழந்தைங்களோட வீசிங் எல்லாமே நெஜமாவே குறைஞ்சுது, அது நல்ல விஷயம். அதனால மாஸ்க்காலயும் லாக்டவுனாலயும் பெருசா குறைய வாய்ப்பில்லாத நோய்ங்கள தனியா எடுத்துப் பாருங்க. அமெரிக்கால நெருக்கடி நிலை அறிவிச்ச 2020 மார்ச் 13க்கு அப்புறம் வந்த 10 வாரத்துல மாரடைப்புக்கு வந்தவங்க 23 சதவீதம், ஸ்ட்ரோக்குக்கு வந்தவங்க 20 சதவீதம் குறைஞ்சிருக்காங்க. திடீர்னு அவ்வளவு பேருக்கு இதயம் நல்லாயிருச்சுன்னு சொல்ல முடியாதுல்ல.

இத்தாலியோட லொம்பார்டி பகுதில தொற்று ஆரம்பிச்ச முதல் 40 நாள்ல ஆஸ்பத்திரிக்கு வெளிய இதயம் நின்னுபோன கேஸ் 58 சதவீதம் கூடுச்சு. இத எடுத்துட்டு பயத்தால வீட்டுலயே போயிட்டாங்கன்னு நெறைய பேர் எழுதறாங்க, ஆனா அந்தக் கூடுதல்ல பெரும்பகுதி கொரோனா உறுதியானவங்க, இல்லன்னா கொரோனான்னு சந்தேகப்பட்டவங்க. தொற்றையும் தாமதத்தையும் பிரிச்சுப் பாக்காம ஒரே வரில போட்டா அசைன்மெண்ட்ல மார்க் போயிடும்.

குழந்தைகள் வார்டு:
எங்க பக்கத்தையும் சேத்துக்கோங்க. அமெரிக்கக் கணக்குல ரொம்ப அதிகமா குறைஞ்சது 14 வயசும் அதுக்குக் கீழயும்தான். வீசிங் குறைஞ்சது சரி, ஆனா குடல்வால் வெடிச்ச பிறகு தூக்கிட்டு வந்த பிள்ளைங்க இருந்தாங்க, புதுசா சுகர் வந்தது தெரியாம வாந்தியும் மூச்சிரைப்புமா மயங்கற நிலைமைல வந்தவங்க இருந்தாங்க. பெத்தவங்கள குறை சொல்லவே மாட்டேன், வெளிய வராதீங்கன்னு எல்லா டிவியும் சொல்லிட்டே இருந்துச்சு, கூட ஒருத்தர்தான் இருக்கலாம்னு ரூல் வேற.

மனநலமும் முக்கியம். அமெரிக்கால 2020ல 12லேர்ந்து 17 வயசு வரைக்குமானவங்களோட விசிட்ல மனநலப் பிரச்சினையோட பங்கு 31 சதவீதம் கூடுச்சுன்னு ஒரு கணக்கு சுத்துது, அது பங்கு மட்டும்தான், மத்த விசிட் குறைஞ்சதாலயும் பங்கு கூடும். ஆனா 2021 பிப்ரவரி மார்ச்ல அதே வயசுப் பொண்ணுங்க தற்கொலை முயற்சின்னு சந்தேகப்பட்டு வந்தது 2019ஐ விட 51 சதவீதம் அதிகம், இது எண்ணிக்கையே கூடினது. தயவுசெஞ்சு இத ஒரு ஓரத்துல அடிக்குறிப்பா போட்டுடாதீங்க.

வெண்மதி:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும், குறிப்பா சிஸ்டருக்கு. இன்னொரு சந்தேகம், எல்லா தொற்றுலயும் இப்படித்தான் குறையுமா?

தரவுப்பிரியன்:
இல்லைங்க. 2009ல எச்1என்1 பன்றிக் காய்ச்சல் வந்தப்போ அமெரிக்கால குழந்தைகள் எமர்ஜென்சில கூட்டம் அலைமோதுச்சு, லேசான காய்ச்சலோட வந்துட்டு திரும்பிப் போனவங்கதான் அதிகம். ஆனா 2003ல சார்ஸ்னு ஒரு நுரையீரல் தொற்று வந்த சமயத்துல டொரன்டோ, தைவான்லயெல்லாம் வர்றவங்க குறைஞ்சாங்க, 2015ல அதே மாதிரி மெர்ஸ் தொற்று வந்த சமயத்துல தென் கொரியாலயும் அப்படித்தான். சார்ஸும் மெர்ஸும் ஆஸ்பத்திரிக்குள்ளயே பரவுச்சு, கொரியாவுல எமர்ஜென்சில இருந்த ஒரே நோயாளிகிட்டருந்து 80 பேருக்கு மேல தொத்துச்சு. ஆபத்து ஆஸ்பத்திரிலதான் இருக்குன்னு ஜனங்க நம்புனா வர மாட்டாங்க, ஊரெல்லாம் பரவியிருக்கு, ஆஸ்பத்திரில மருந்து கிடைக்கும்னு நம்புனா ஓடி வருவாங்க.

கேஷுவாலிட்டி சிஸ்டர்:
இவர் சொன்னது சரி, அந்த பயத்துக்கு காரணமும் இருந்துச்சு. அதான் வாசல்லயே ட்ரையாஜ், அதாவது வர்றவங்கள பாத்துப் பிரிச்சு அனுப்பற இடம் வெச்சு காய்ச்சல் இருமல் உள்ளவங்கள ஒரு வழியாவும் மத்தவங்கள இன்னொரு வழியாவும் அனுப்புனோம். வெண்மதி, தலை எண்ணிக்கையோட நின்னுடாம வந்தவங்கள்ல எத்தன பேர் அட்மிட் ஆனாங்க, அறிகுறி ஆரம்பிச்சு எவ்வளவு நேரம் கழிச்சு வந்தாங்கன்னும் தேடுங்க. ஹாங்காங்ல 2020 ஆரம்பத்துல மாரடைப்பு வந்தவங்க மருத்துவ உதவிய தொட எடுத்துக்கிட்ட நேரம் நடுமதிப்புல 82 நிமிஷத்துலேர்ந்து 318 நிமிஷமாச்சு. ரொம்ப சின்ன ஆய்வு அது, விரல் விட்டு எண்ணற அளவு நோயாளிங்கதான், அதையும் சேத்தே எழுதுங்க.