சிறகுள்ள பெண் கைதியை இழுக்கும் செப்புக்காசு – என்ன இது?

கேள்வி (வெள்ளவத்தை): அப்பப்பாவின் பெட்டியில் சின்னச் செப்புக்காசுகள் சில இருந்தன. ஒன்றில் சிறகுள்ள பெண் யாரையோ இழுக்கிறாள். இன்னொன்றில் இரண்டு சிறகுப் பெண்கள் எதிரெதிரே நிற்கிறார்கள். தேசிக்காய் போட்டுத் தேய்த்தால் தெளியுமா?

பதில் (தெஹிவளை): ஐயோ தம்பி, தேசிக்காயைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள்! அந்தப் பச்சைப் படலம்தான் காசின் தோல். புளிப்புப் பட்டால் உருவமும் சேர்ந்து போய்விடும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, மென்மையான தூரிகையால் தடவுங்கள், போதும்.

இழுப்பவள் விக்டோரியா, ரோமரின் வெற்றித் தேவதை. தோளில் வெற்றிச்சின்னம், கையில் கைதியின் பிடி. கி.பி. 388 முதல் ரோமப் பேரரசர் தியோடோசியஸும் மகன் ஆர்க்காடியஸும் அடித்த வகை. அவளுக்கு முன்னால் உற்றுப் பாருங்கள், குட்டிக் கிறிஸ்தவக் குறி ஒன்று இருக்கும். பழைய கோயில் வழிபாட்டைத் தடைசெய்த அதே தியோடோசியஸின் காசில் பழைய தேவதை நிற்கிறாள்! 13 மில்லிமீற்றர் செம்பில் இவ்வளவு வரலாறு. எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

மற்றது கி.பி. 347–348 அளவில், கான்ஸ்டான்ஸ், இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் என்ற சகோதரப் பேரரசர்கள் காலம். சிறகுப் பெண்கள் ஆளுக்கொரு மாலை பிடித்திருப்பார்கள். அடியில் உள்ள எழுத்துகள் எந்த நகரத்தில் அடித்தது என்று சொல்லும்.

பதில் (கொட்டாஞ்சேனை): இந்த வகைகளைப் பார்த்து இலங்கையிலேயே அடித்தவையும் உண்டு. எழுத்து வெறும் கோடுகளாக இருந்தால் அப்படி இருக்கலாம்.

கேள்வி கேட்டவர்: குறி தெரிகிறது அண்ணை! லண்டனில் உள்ள தம்பிக்கு ஒன்று அனுப்பலாமா?

பதில் (தெஹிவளை): தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் வேண்டாம். சரிவாக வெளிச்சம் விழவிட்டுப் படம் எடுத்து அனுப்புங்கள்.